பீரில் நெய் வாசனை

பீரை டபராவில் ஊற்றி ஆற்றக்கூடாது என்று யாரும் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் ஜம்புவின் தரப்பு வாதம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மும்பை செம்பூர் வீட்டுச் சமையலறையில், ஒன்றரை முழ உயரத்திலிருந்து அவர் டம்ளரைச் சாய்த்தபோது டபராவுக்குள் ஏதோ உறுமியது. இரண்டாவது தடவை நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வந்து, அங்கிருந்து மேடைக்கு இறங்கி, காலையில்தான் மனைவி விஜயலக்ஷ்மி துடைத்துக் கோலம் போட்டிருந்த காஸ் அடுப்பைச் சுற்றி வளைத்தது. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். ஆனால் நுரை என்றால் நல்லது, அதிக நுரை என்றால் அதிக நல்லது என்பது காப்பியிடம் அவர் அறுபத்தியொரு வருஷமாகக் கற்ற பாடம். ஆகவே மூன்றாவது தடவையும் ஆற்றினார்.

அவரவர் தப்புக்கு ஒரு வரலாறு உண்டு. மகள் வந்தனா முந்தின நாள் சாயங்காலம் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து, ஃப்ரிட்ஜில் விஜயலக்ஷ்மி ஒதுக்கிக் கொடுத்திருந்த காய்கறித் தட்டில், புடலங்காய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். சனிக்கிழமை வெளியிடப்போகும் பிரவுன் ஏல். அவளே கணக்குப் போட்டு, அவளே தானியம் பொறுக்கி, அவளே காய்ச்சிய முதல் பீர். "அப்பா, நாளைக்கு இத எடுத்துப் பத்து நிமிஷம் வெளில வை. அகலமான கிளாஸ்ல ஊத்து. மொதல்ல மோந்து பாரு. அப்புறம் ஒரு சிப். உடனே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். ஜம்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் பாட்டிலைத் தொட்டால் பனிக்கட்டி. நாற்பது வயதிலிருந்து அவர் தொண்டைக்குள் சில்லென்று எதுவும் இறங்கியதில்லை. இறங்கினால் மூன்று நாள் பேச்சு வராது, பேச்சு வராத ஜம்புவை வீட்டில் யாரும் பார்க்க விரும்பியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மூடியைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் பாட்டிலை நிறுத்திவிட்டு ஹாலுக்குப் பேப்பர் படிக்கப் போனார். அரைமணி கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் பாட்டில் கையில் பிடிக்க முடியாத சூடு. சூடாக இருப்பதை என்ன செய்வார்கள்? ஆற்றுவார்கள். அகலமான கிளாஸ் வீட்டில் இல்லை. டபரா இருந்தது. இதில் எந்த இடத்தில் அவர் தர்க்கம் பிசகியது என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை.

டபராவில் கடைசியாக மிஞ்சியது நாலு வாய். இந்த மனுஷர் இதற்கு முன்னால் பீர் குடித்தது ஒரே தடவை, லோனாவ்லா ஆபீஸ் பிக்னிக்கில், அதுவும் கசப்புத் தாங்காமல் பாதியைச் செடிக்கு ஊற்றினார். கப்பல் கம்பெனியில் முப்பத்திநான்கு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து கப்பலில் ஏறாதவர் அவர். மகள் பீர் காய்ச்சுகிறாள் என்பதற்காகத் தான் பீர் குடித்தாக வேண்டும் என்று நினைத்ததில்லை. ஆனால் அவள் கேட்டுவிட்டாள். டபராவைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனபோதே கை தயங்கியது. எதையும் மோந்து பார்த்துச் சாப்பிடும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. மோந்த பூவைச் சாமிக்குப் போட மாட்டார்கள், மோந்த பண்டத்தை நைவேத்யம் பண்ண மாட்டார்கள். வாய் வைத்துக் குடிக்கும் வழக்கமும் கிடையாது, அண்ணாந்துதான். இப்போது மூக்கையும் வாயையும் ஒரே பாத்திரத்துக்குள் விட்டார். முதலில் வந்தது கல்லில் கருகாமல் சிவந்த ரொட்டியின் மணம். அதன் பின்னால் பாகு காய்ச்சிய வாணலியைச் சுரண்டும்போது வரும் வாசனை. அப்புறம், சந்தேகமே இல்லாமல், நெய். வெண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கி, முருங்கைக் கீரை போடுவதற்கு ஒரு விநாடி முன்னால் வீடு முழுக்கப் பரவுமே, அந்த வாசனை.

ஜம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் உண்டு. அவர் எதைச் சாப்பிட்டாலும் "பிரமாதம்" என்று சொல்பவர். மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது; ஜம்பு பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். அவரை நம்பி அடுத்தடுத்துக் குடித்த ஏழு பேர் இன்னும் அவருடன் சரியாகப் பேசுவதில்லை. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் முகத்தை அவரால் இரண்டு விநாடிக்கு மேல் பார்க்க முடியாது, அவ்வளவுதான். இந்த பீர் விஷயத்திலும் பொய் தயாராகவே இருந்தது. ஆனால் பொய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. மகள் காய்ச்சிய பீரில் நெய் மணக்கிறது. இதைவிட ஒரு தகப்பன் என்ன கேட்பான்? ஈரக் கையோடு போனை எடுத்தார். "வந்து, சத்தியமா சொல்றேன், பிரமாதம். உங்கம்மாகிட்ட சொல்லாதே, அவ உருக்கற நெய்கூட இப்படி மணக்காது. மைசூர்பாகு கடை வாசல்ல நிக்கறாப்பல இருக்கு."

அனுப்பி முடித்தபோது வாசல் கதவு திறந்தது. பாராயண வகுப்பு முடிந்து விஜயலக்ஷ்மி வந்தாள்.

"ஏன்னா, என்ன நாத்தம் இது?"

"நாத்தம் இல்லடி. அரோமா."

"அடுப்புக்கு எதுக்கு அரோமா?" என்றவள் சமையலறையை எட்டிப் பார்த்து, பையைக் கீழே வைக்காமலே துடைக்கும் துணியைத் தேடி எடுத்தாள். "உங்க பொண்ணு தோசை மாவு புளிச்சுதா இல்லையான்னு இன்னமும் என்னைக் கேட்டுண்டு நிக்கறா. ஊருக்கெல்லாம் புளிக்க வெச்சுக் குடுக்கறா. நீங்க அத ஆத்திக் குடிக்கறேள். நல்ல ஃபேமிலி."

"வந்தனாகிட்ட ஆத்தினதைச் சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன். எனக்கு மானம் இருக்கு" என்று துணியை அவர் கையில் கொடுத்தாள்.

வந்தனா மைக்ரோபயாலஜி படித்தவள். அம்பர்நாத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் லாபில் இரண்டு வருஷம் இருந்தாள். அப்புறம் ஒரு நாள், செம்பூரிலேயே ஒரு பழைய பெயிண்ட் கோடவுனில் புதிதாக பீர் காய்ச்சும் இடம் திறந்திருக்கிறார்கள், அங்கே சேரப்போகிறேன் என்றாள். விஜயலக்ஷ்மி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் டிபன் கட்டிக் கொடுத்தாள். கல்யாணில் இருக்கும் சித்தி கேட்டால் மட்டும் 'ஃபெர்மென்டேஷன் யூனிட்' என்று சொல்வது என்று வீட்டில் தீர்மானம். "அப்படின்னா என்ன பண்றா?" என்று சித்தி விடாமல் கேட்டபோது, "ரொட்டிதான் சித்தி, கொஞ்சம் தண்ணியா" என்று ஜம்பு சமாளித்தார்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்ததைப் பார்த்தார். பதில் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து போன் வந்தது.

"அப்பா, நெய்யா?"

"ஆமா, பசு நெய்."

"ஜோக் அடிக்காதே. நிஜமா நெய் வாசனை வந்துதா? கிளாஸ நன்னா அலம்பினியா?"

அவள் குரலில் சந்தோஷம் இல்லை என்பது ஜம்புவுக்கு உறைத்தது. உறைத்ததும் வழக்கம்போலப் பின்வாங்கினார். "நெய்யின்னா அப்படியே நெய்யின்னு இல்லை. ஒரு ஃபீலிங். காலம்பற பொங்கல் சாப்பிட்டேனோல்லியோ..."

"காலம்பற நம்மாத்துல உப்புமா."

"உப்புமால நெய் விட மாட்டாளா உங்கம்மா?"

"ஒரு ஆட்டோ பிடிச்சு இங்க வா" என்றாள் வந்தனா. "இப்பவே."

ஆட்டோவில் போகும்போது ஜம்பு யோசித்துப் பார்த்தார். நெய் மணக்கிறது என்று சொன்னதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? தேங்காய் எண்ணெய் என்று சொல்லியிருந்தால் நியாயம். மண்ணெண்ணெய் என்றால் கேஸே போடலாம். நெய் என்பது பாராட்டின் உச்சம் அல்லவா? அல்லது, பீர் குடிப்பவர்கள் உலகத்தில் எல்லாம் தலைகீழோ? கசந்தால் நல்லது, மணந்தால் கெட்டதோ? இன்னொரு சந்தேகமும் கூடவே வந்தது. டபராவில்தான் நெய் ஒட்டியிருந்ததோ? இல்லை, ராத்திரி பால் ஆற்றிய டபரா. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

கோடவுன் வெளியிலிருந்து பார்க்க இன்னும் பெயிண்ட் கோடவுன் மாதிரியே இருந்தது. உள்ளே இரண்டு ஆள் உயரத்துக்கு ஆறு எவர்சில்வர் தொட்டிகள், தரையெல்லாம் ஈரம், வேகவைத்த கோதுமையின் சூடான வாசனை. முன்பக்கம் மேஜை நாற்காலிகளும் ஒரு நீளமான கவுண்டரும். சுவரில் கரும்பலகையில் 'மாட்டுங்கா பிரவுன், சனிக்கிழமை முதல்' என்று இங்கிலீஷில் எழுதி, கீழே சின்னதாக வந்தனாவின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு ஜம்பு கொஞ்ச நேரம் நின்றார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பலகைக்குப் பிறகு அவள் பெயரை அவர் சுவரில் பார்ப்பது இதுதான்.

"என்ன சார், பொண்ணப் பாக்க வந்தியளா?" என்றார் தொட்டிகளுக்கிடையில் நின்ற ஒருவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். தாராவியிலிருந்து வரும் பூதத்தான். தொட்டி கழுவுவது, மூட்டை இறக்குவது எல்லாம் அவர்தான் என்று வந்தனா சொல்லியிருக்கிறாள். "உள்ளாற போங்க. மொதலாளியும் இருக்காவ. காலையிலேர்ந்து ரெண்டு பேரு மூஞ்சியும் சரியில்ல."

முதலாளி கிருஷ்ணாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாட்டுங்காவில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கச் சொன்னால் சிரிப்பார். "ஆயியே அங்கிள்" என்று கையைக் குலுக்கினார். வந்தனா தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்து மூன்று கிளாஸில் பிடித்தாள். வெளிச்சத்தில் அது நல்ல டிகாஷன் நிறத்தில், ஓரத்தில் மட்டும் செம்பு பூசினாற்போல் இருந்தது. மேலே விரல் தடிமனுக்குத் தந்த நிற நுரை.

கிருஷ்ணா கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினார். "கேரமல். வால்நட். கடைசில டோஸ்ட். மஸ்த் ஹை, ஜோரா இருக்கு. எனக்கு ஒண்ணுமே தப்பாத் தெரியலை வந்தனா."

ஜம்புவும் கிளாஸைத் தூக்கினார். பழக்க தோஷத்தில் அண்ணாந்துவிட்டார். நுரை நேராக மூக்குக்குள் போய், தும்மி, கண்ணீர் வழிந்து, கிருஷ்ணா டிஷ்யூ கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு நிதானமாக இன்னொரு தடவை முகர்ந்தார். குளிர்ந்த இரும்பு மாதிரி ஒரு வாடை. கொஞ்சம் ரொட்டி. நாக்கில் கசப்பு, அதன் அடியில் எங்கோ பாகு. நெய் இல்லை. மறுபடி முகர்ந்தார். தேடத் தேட, இருந்த ரொட்டியும் ஓடிப்போனது. வால்நட் என்கிறாரே இந்தப் பையன், வால்நட்டுக்கு வாசனை என்று ஒன்று உண்டா? அதை உடைத்துத் தின்றிருக்கிறார், மோந்ததில்லை. ஒருவேளை இவர்கள் எல்லோருமே தன்னைப் போலத்தானோ? ஒருவர் வால்நட் என்றால் அடுத்தவரும் வால்நட் என்கிறார், பாயசப் பந்தி மாதிரி?

"நெய் இருக்கா?" என்றாள் வந்தனா.

"இப்போ இல்லை."

"வீட்டுல இருந்துது."

"வீட்டுல... இருந்துது. இருந்தாப்பல இருந்துது."

"எந்த கிளாஸ்ல குடிச்சே?"

"அதான், ஒரு அகலமான கிளாஸ்." கிருஷ்ணா பக்கத்தில் நிற்கும்போது டபரா என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "வந்து, அத விடு. இது பிரமாதமா இருக்கு. நெய்யின்னு நான் உளறினதா நெனச்சுக்கோ." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக அவருடைய பிரமாதத்துக்குப் பிறகு எந்த முகமும் கொஞ்சம் தளரும். இது தளரவில்லை. கட்டைவிரல் நகத்தைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதையோ எடுக்க அந்தப் பக்கம் போனதும் ஜம்பு கிருஷ்ணாவிடம் ரகசியமாகக் கேட்டார். "தம்பி, எனக்கு ஒண்ணு புரியலை. பீர்ல நெய் வாசனை வந்தா அது நல்லதா, கெட்டதா?"

"அங்கிள், டேஸ்ட்டுங்கறது ரொம்ப பர்சனல். உங்களுக்குப் பிடிச்சா அது நல்லது."

"அது சரி. பொதுவா?"

"பொதுவான்னு ஒண்ணு கிடையாது அங்கிள். அதான் பியூட்டி" என்று சொல்லிவிட்டு கிருஷ்ணா போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பூதத்தானிடம் போனார். "பூதத்தான், இத்தனை நாளா இங்க இருக்கேள். நெய் வாசனை நல்லதா கெட்டதா?"

"என்னையக் கேக்கியளே சார். நான் இந்தக் கழுதைய விட்டுப் பத்தொம்பது வருசம் ஆச்சு. கழுவுறதோட சரி. வாடை அடிச்சா மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன்."

"இருந்தாலும் ஒரு அபிப்ராயம்..."

"நெய் நல்லதுன்னு எங்க வீட்டுல சொல்லுதா. டாக்டர் வேண்டாங்காரு. நான் ரெண்டு பேருகிட்டயும் சரி சரின்னுருவேன்" என்று பூதத்தான் குழாயைத் திறந்துவிட்டார். அதற்கு மேல் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வந்தனா திரும்பி வந்தபோது அவளிடமே கேட்டார். "அப்புறம் சொல்றேன்ப்பா" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாலும் ஜம்புவுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. தான் சொன்ன ஒரு வார்த்தையில் இவள் நிற்கிறாள். அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நிற்கிறாள். அந்த வார்த்தை டபராவிலிருந்து வந்தது. கிருஷ்ணா போனை முடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வந்தாலும் பரவாயில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வந்து, நான் அத கிளாஸ்ல குடிக்கலை. டபரால குடிச்சேன். ஆத்தி."

"என்ன பண்ணினே?"

"ஆத்தினேன். சூடா இருந்துது."

"பீர் எப்படிப்பா சூடா இருக்கும்?"

"வெந்நீர்ல வெச்சேன். எனக்கு சில்லுன்னு ஆகாதோல்லியோ. பேப்பர் படிச்சுண்டே மறந்துட்டேன்."

கிருஷ்ணா சிரிக்க ஆரம்பித்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அங்கிள், ஆப் தோ கமால் ஹோ, பலே ஆள் நீங்க. பிரவுன் ஏல் டிகிரி காப்பி." தொட்டிக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்று, பூதத்தானின் தலையும் எட்டிப் பார்த்தது. ஜம்புவும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது அவருக்குப் புதிதல்ல, பாதி நாள் அதற்காகத்தான் வாய் திறப்பார். வந்தனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"எத்தனை நிமிஷம் வெந்நீர்ல இருந்துது?"

"அரைமணி இருக்கும்."

"தண்ணி எவ்ளோ சூடு? கை வைக்கற சூடா?"

"வெச்சா எடுத்துடற சூடு."

அவள் மூலையில் இருந்த சின்ன லாப் மேஜைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டர் விட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைப் பதம் பார்த்தாள். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தொட்டியிலிருந்து பீர் பிடித்து மூடினாள். ஒன்றை வெந்நீரில் இறக்கினாள், மற்றதை மேஜை மேலேயே வைத்தாள். போனில் அரைமணிக்கு அலாரம் வைத்தாள். தான் பேப்பர் படித்துக்கொண்டு செய்ததையே, அவள் கையுறை போட்டுக்கொண்டு செய்வதை ஜம்பு பார்த்துக்கொண்டு நின்றார். பெருமைப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. கிருஷ்ணா சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று ஜம்பு கவனிக்கவில்லை, ஆனால் இப்போது அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாரம் அடித்தது. சூடான ஜாடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து மூடியைத் திறந்தாள் வந்தனா. முகர்ந்தாள். மற்றதை முகர்ந்தாள். மறுபடி முதல் ஜாடி. பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் மூக்கை விடவே தேவையிருக்கவில்லை. கை நீளத்திலேயே வந்தது. முருங்கைக் கீரை போடுவதற்கு முன்னால்.

கிருஷ்ணா வாங்கி முகர்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. "பாப்கார்ன்" என்றார் மெதுவாக. ஜாடியைக் கீழே வைத்தார். "லேசாத்தான் இருக்கு. நாம சில்லுன்னுதானே குடுப்போம். யாருக்குத் தெரியப்போறது?"

"இப்போ தெரியாது. போகப் போக அதுவே வெளில வரும். ரெண்டாவது வாரம் வரவாளுக்கெல்லாம் தெரியும்."

"சனிக்கிழமைக்கு நூத்தியிருபது பேரைக் கூப்பிட்டிருக்கேன் வந்தனா."

"கோதுமை பீர் ரெடியா இருக்கு. அதக் குடுங்கோ. பிரவுன் பத்து நாள் கழிச்சு."

"போர்டுல உன் பேரு இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

கிருஷ்ணா கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் ஜம்புவுக்குப் பயமாக இருந்தது. "சரி, அழிச்சுடலாம். ஆனா ஒண்ணு. அடுத்த மாசம் கவுண்டர்ல உனக்குக் குடுத்த டேப், அந்தக் குழாய், வேற யாருக்காவது போகலாம். நான் ப்ராமிஸ் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். சற்று நேரத்தில் ஈரத்துணி பலகையில் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஜம்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வந்தனா தொட்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, குளிரைக் குறைத்தாள். பக்கத்துத் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்ததிலிருந்து ஒரு குடுவை ஈஸ்ட் எடுத்து அதில் விட்டாள். தொட்டியின் மேலிருந்து இறங்கிய ரப்பர் குழாயின் நுனியை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, சரியாமலிருக்கக் கல் வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள், சின்ன வயசில் ஹோம்வொர்க் பண்ணும்போது உரக்கச் சொல்லிக்கொள்வாளே, அப்படி. நெய் வாசனை பீருக்குக் குறை; குளிரில் ஒளிந்திருக்கும், சூடு பட்டால் வெளியே வந்துவிடும். அதை உண்டாக்குவதும் இந்த ஈஸ்ட்தான். விட்டுவைத்தால் தான் போட்டதைத் தானே தின்று தீர்த்துவிடும். அதற்கு இன்னும் நாலு நாள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். வைக்காமல், சனிக்கிழமை நெருங்குகிறது என்று குளிர வைத்ததும் ஈஸ்ட் அப்படியே தூங்கிவிட்டது.

"இப்ப முழிச்சுக்குமா?"

"முழிச்சுக்கலாம். முழிச்சுண்டா இந்த பக்கெட்ல குமிழி வரும். இல்லேன்னா ஆயிரம் லிட்டரையும் கால்வாய்ல திறந்து விடணும்."

ஜம்பு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு பக்கெட்டின் முன்னால் உட்கார்ந்தார். பூதத்தான் தூரத்தில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கெட்டில் தண்ணீர் அசையாமல் இருந்தது. "என்னாலதான் எல்லாம்" என்றார். "நான் மட்டும் மனுஷனாட்டம் சில்லுன்னு குடிச்சிருந்தா, நீ சனிக்கிழமை ஜம்முனு நின்னிருப்பே."

"அப்படியில்லப்பா."

"பின்னே எப்படி? ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. காலைலேர்ந்து ஒருத்தர் நேரா சொல்லலை. இங்க இத்தனை நாக்கு இருக்கு. படிச்ச நாக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, பீர்னா என்னன்னு தெரியாத என்கிட்ட எதுக்குடி குடுத்தே?"

வந்தனா கையுறையைக் கழற்றி, உள்ளும் புறமுமாகத் திருப்பினாள். சொல்லத் தயங்குகிறாள் என்று நினைத்து, "பாசத்துலன்னு சொன்னா நான் நம்பிடுவேன்" என்று அவர் வழி செய்து கொடுத்தார். அவள் அந்த வழியில் போகவில்லை. அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"நாலு நாளா எனக்கே சந்தேகம். இந்த வெந்நீர் டெஸ்ட்ட நான் குளிர வைக்கறதுக்கு முன்னாலயே பண்ணியிருக்கணும். பண்ணினா தெரிஞ்சு போயிடும்னு பண்ணலை. கிருஷ்ணா நன்னா இருக்குன்னார், அது எனக்குப் போறலை. இன்னும் ஒருத்தர் சொன்னா தூக்கம் வரும்போல இருந்துது. என்ன குடுத்தாலும் நன்னா இருக்குன்னு சொல்ற ஆள் எனக்கு ஒருத்தர்தான் தெரியும். உண்மை வராதுன்னுதான்ப்பா உன்கிட்ட குடுத்தேன்."

ஜம்புவுக்கு அந்த இடத்தில் சொல்ல இரண்டு ஜோக் தோன்றியது. இரண்டையும் விட்டார். தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார். பூதத்தான் மூட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார். பக்கெட்டில் குழாயின் நுனியில் கடுகளவு காற்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது மிளகளவாகி, பட்டாணியளவாகி, விளிம்பில் நடுங்கிக்கொண்டே நின்றது. அப்பாவும் பெண்ணும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.